தவிட்டு மெழுகுக்குள் என்னதான் இருக்கிறது? பாம், மெழுகுவத்தி செய்பவர்கள் வரவும்

செம்பூர் கைத்தொழில்:

எல்லோருக்கும் வணக்கம். செம்பூரில் வீட்டிலேயே லிப் பாம், பித்தவெடிப்புக்கான பாம், சின்ன வாசனை மெழுகுவத்தி எல்லாம் செய்து விற்கிறேன். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் காட்கோபர், முலுண்ட் பக்கத்து ஜைனக் குடும்பங்கள். தேன்மெழுகு என்று சொன்னாலே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அரிசித் தவிட்டு மெழுகுக்கு மாறினேன்.

மஸ்ஜித் பந்தரில் ஒரு கடையில் வாங்குகிறேன், பெயர் வேண்டாம். முதல் லாட் வெளிர் மஞ்சள். சுத்தியால் தட்டினால் சில்லு சில்லாகத் தெறித்தது. அதில் செய்த பாம் அன்றைக்கு நன்றாக இருந்தது, சில நாளில் உதட்டில் நறநறவென்று மணல் தட்ட ஆரம்பித்தது. அடுத்த லாட் பழுப்பு. கையில் எடுத்தாலே லேசாகப் பிசுபிசுக்கும். பாம் வழவழப்பாகத்தான் வந்தது. ஆனால் மழைக்காலம் பாதி போவதற்குள் டப்பா மூடிக்குள் எண்ணெய் வியர்த்து, சிக்கு வாடையும் அடிக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், “ரெண்டும் ஒரே சரக்கு, கலர்தான் வேற” என்கிறார்.

ஒரே சரக்கு இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்ளுமா? இதற்குள் என்ன இருக்கிறது என்று யாராவது வேதியியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஜைனர்களின் பர்யூஷண் நோன்பு முடிந்ததும் தீபாவளி ஆர்டர் வந்துவிடும்.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வெள்ளை என்றால் சுத்தம், பழுப்பு என்றால் கசடு. பழுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் வெள்ளையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஃபில்டர் பிரஸ்:

தம்பி சொல்வதைக் கேட்டு வெள்ளையைத் தேடி அலையாதீர்கள் அம்மா. நிறம் வெளுப்பிக்கிற வேலையால் வருவது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டால் எண்ணெய் தங்கிய மெழுகும் வெளுக்கும். எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிட்டு வெளுப்பிக்காமல் விட்டால் நல்ல மெழுகும் பழுப்பாகவே இருக்கும். உங்கள் இரண்டு லாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

ராய்ப்பூர் பக்கம் தவிட்டு எண்ணெய் ரிஃபைனரியில் ஷிப்டு பார்த்தே தலை நரைத்தவன் நான். இப்போது முலுண்டில் பேரனோடு இருக்கிறேன். மெழுகு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் பிசுபிசுப்பு புரியும்.

நெல்லில் உமியை நீக்கி அரிசியைத் தீட்டும்போது தவிடு விழுகிறது. தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். அதை ஹெக்ஸேன் என்ற கரைப்பான் விட்டு எடுப்பார்கள். அந்த ஹெக்ஸேன் எண்ணெயை மட்டும் இழுக்காது, மெழுகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். கச்சா எண்ணெயில் மெழுகு சுமார் 2 முதல் 5 சதவீதம். அப்படியே பாட்டிலில் அடைத்தால் குளிரில் எண்ணெய் கலங்கி அடியில் வண்டல் கட்டும், வடக்கே டிசம்பரில் ஒரு பாட்டில் விற்காது. ஆகவே எண்ணெயைச் சூடாக்கி, பிறகு மெதுவாகக் கலக்கியபடியே 20 டிகிரிக்குக் கீழே இறக்குவோம். மெழுகு படிகமாகத் திரளும். ஃபில்டர் பிரஸ்ஸில் பிடித்தால் எண்ணெய் ஓடிவிடும், துணியில் பழுப்பான கேக் நிற்கும்.

இந்தக் கேக்கில் பாதி அளவுக்கு எண்ணெய்தான்! படிகங்களுக்கு நடுவே சிக்கியது. அதை அசிட்டோன், ஹெக்ஸேன் மாதிரிக் கரைப்பானில் குளிர வைத்துக் கழுவ வேண்டும். எண்ணெய் கரைந்து போகும், மெழுகு கரையாமல் நிற்கும். ஒருமுறை கழுவியதும் மெழுகுதான், மூன்றுமுறை கழுவியதும் மெழுகுதான், கழுவாமல் உருக்கி வடித்துக் கட்டியாக்கினாலும் மார்க்கெட்டில் அதற்கும் மெழுகு என்றே பெயர். உங்கள் பழுப்பு லாட் சரியாகக் கழுவாத சரக்கு. வியர்த்ததும் சிக்கு வாடையும் அந்த எண்ணெயின் வேலை. மெழுகு சிக்குப் பிடிக்காது.

முதல் லாட்டின் மணல் வேறு கதை. அதைப் படித்த பிள்ளைகள் யாராவது சொல்லட்டும்.

மாட்டுங்கா லேப் கோட்:

படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை ஆஜர் சார். மாட்டுங்கா ஐசிடி என்ற வேதித் தொழில்நுட்பக் கல்லூரியில் எண்ணெய்ப் பிரிவில் இருக்கிறேன், உங்கள் காலத்தில் அதற்கு யூடிசிடி என்று பெயர்.

அக்கா, தவிட்டு மெழுகு கிட்டத்தட்ட முழுவதும் எஸ்டர். ஒரு நீளமான கொழுப்பு அமிலமும் ஒரு நீளமான கொழுப்பு ஆல்கஹாலும் கைகோத்தால் ஒரு மெழுகு எஸ்டர். எண்ணெயும் எஸ்டர்தான், ஆனால் அங்கே கிளிசரால் நடுவில் நின்று மூன்று அமிலங்களைப் பிடித்திருக்கும், அமிலங்கள் பெரும்பாலும் 16, 18 கார்பன் நீளம். தவிட்டு மெழுகில் கிளிசரால் கிடையாது. அமிலப் பக்கம் 22, 24 கார்பன் அதிகம், அதாவது பெஹெனிக் அமிலமும் லிக்னோசெரிக் அமிலமும். கொஞ்சம் 16 கார்பன் பால்மிடிக்கும் வரும். ஆல்கஹால் பக்கம் 24 முதல் 40 வரை போகும், 24, 28, 30, 32, 34 எல்லாம் உண்டு. கூட்டினால் ஒரு மூலக்கூறில் 44 முதல் 64 வரை கார்பன். எல்லாமே நிறைவுற்றவை, இரட்டைப் பிணைப்பு கிடையாது. அதனால் சங்கிலிகள் நேராக நிற்கும், நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். உருகுநிலை 80 டிகிரியை ஒட்டி வருவது இதனால்தான்.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். அதில் எஸ்டர் மட்டும் இல்லை. ஹைட்ரோகார்பன் சுமார் 14 சதவீதம், ஆல்கஹாலோடு சேராத தனி அமிலம் 12 சதவீதம் அளவுக்கு, அப்புறம் டைஎஸ்டர், ஹைட்ராக்ஸி எஸ்டர் என்று ஒரே கலவை. நீளம் ஒத்துப்போகாத மூலக்கூறுகள் ஒன்றையொன்று சீராக அடுக்க விடாது. அதனால்தான் கையில் பிசைந்தால் வளைகிறது. தவிட்டு மெழுகில் அந்தக் கலப்பு இல்லை, ஒரே சாதி மூலக்கூறு. அது உடையும், வளையாது.

நறநறப்பு எப்படி என்றால், எண்ணெயில் கரைந்த தவிட்டு மெழுகு ஆறும்போது ஊசி ஊசியாகப் படிகமாகும். நெய்யை மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாக உறையுமே, அதே சங்கதி. மெதுவாக ஆறினால் ஊசிகள் குறைவு, ஆனால் பெரிசு. சட்டென்று ஆற்றினால் ஊசிகள் ஏராளம், கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத அளவு சின்னது.

ஃபில்டர் பிரஸ்:

இதில் ஒரு வேடிக்கை. ரிஃபைனரியில் நாங்கள் பெரிய படிகத்துக்காகத் தவம் கிடப்போம். குளிரூட்டியில் அவசரப்பட்டு யாராவது வேகமாக இறக்கிவிட்டால் படிகம் மாவாகிவிடும், துணி அடைத்துக்கொள்ளும், ஷிப்டு முழுக்கத் துணி கழுவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்களுக்குக் கெட்ட காரியம் இந்த அம்மாவுக்கு நல்ல காரியம்!

செய்ய வேண்டியது: எண்ணெயும் மெழுகும் சேர்த்து 85 டிகிரி தாண்டிச் சூடேறி, ஒரு துகள் மிச்சமில்லாமல் தெளிய வேண்டும். அரைகுறையாக உருகினால் மிச்சத் துகளைச் சுற்றிப் படிகம் வளரும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துச் சூடாக்கினாலே போதும், நேரடி கேஸ் அடுப்பு வேண்டாம். ஊற்றுகிற டப்பாக்களை ஃபிரிட்ஜில் வைத்திருங்கள், ஊற்றியதும் திரும்ப ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். மும்பை மே மாத அறை வெப்பத்தில் மேசை மேல் ஆறவிட்டால் மணல்தான் வரும்.

செம்பூர் கைத்தொழில்:

நான் மேசை மேல்தான் ஆறவிடுகிறேன். தேன்மெழுகுக்கு அது போதுமாக இருந்தது. அளவும் தேன்மெழுகு அளவே போடுகிறேன், எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு.

மாட்டுங்கா லேப் கோட்:

அது ரொம்ப அதிகம் அக்கா. தவிட்டு மெழுகு சில சதவீதம் போட்டாலே எண்ணெயைக் கட்டிப் பிடித்துவிடும். பாதி அளவிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். ஒரு பகுதிக்குக் கேண்டலில்லா மெழுகும் சேர்க்கலாம். அது மெக்சிகோவில் ஒரு வறண்ட நிலச் செடியிலிருந்து வருவது, 68 முதல் 73 டிகிரியில் உருகும், ஏறக்குறையப் பாதி ஹைட்ரோகார்பன். தவிட்டு எஸ்டரின் சீரான அடுக்கை அது கலைத்துவிடும். தேனீ சம்பந்தம் இல்லை, உங்கள் ஜைன வாடிக்கையாளர்களுக்கும் பிரச்சினை வராது.

பாக்ரி பிரியன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அரிசி சரி, மற்ற தானியத்தில் மெழுகு இல்லையா? சோலாப்பூர் பக்கம் ரபி சோளக் காட்டில் நின்றிருக்கிறேன். தட்டையில் கை வைத்தால் வெள்ளைத் தூள் ஒட்டும். அது மெழுகு என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அதைச் சுரண்டி எடுக்க முடியாதா?

மாட்டுங்கா லேப் கோட்:

ஊர்க்காரர் சொன்னது சரி. ஆனால் தட்டையின் மேல் இருக்கிற வெள்ளையும் மணியின் மேல் இருக்கிற மெழுகும் ஒன்றில்லை. இந்த இழையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். தானிய மெழுகு என்று மொத்தமாகப் பேசினால் ஒன்றும் புரியாது. எந்தச் செடி, அதில் எந்தப் பாகம் என்று கேட்க வேண்டும்.

சோளத் தட்டையின் இலையுறையில் இருக்கும் வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் சேராத கொழுப்பு அமிலம், 28, 30 கார்பன். அது மெல்லிய இழைகளாக வெளியே வளர்ந்து நிற்கும், தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். இந்தப் பூச்சு இல்லாத சோள ரகங்களும் உண்டு, அவை தண்ணீரை வேகமாக இழக்கும். மானாவாரி சோளத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை.

சோள மணியின் மேல் இருக்கிற மெழுகு வேறு. அதே 28, 30 கார்பன் நீளம்தான், ஆனால் அமிலம் குறைவு. ஆல்டிஹைடும் ஆல்கஹாலும் பெரும்பங்கு, எஸ்டர் சிறுபங்கு. உருகுநிலை 80 டிகிரியைச் சுற்றி, தவிட்டு மெழுகு மாதிரியே. தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி என்று தோன்றும். உள்ளே ஆட்களே வேறு.

கோதுமை இன்னொரு உலகம். கதிர் விடுகிற சமயம் கோதுமைப் பயிர் சாம்பல் நீலமாகத் தெரிகிறதே, அந்த நிறத்துக்குக் காரணம் பீட்டா டைகீட்டோன் என்ற வகை. 31 கார்பன் சங்கிலியில் 14ஆவது, 16ஆவது இடத்தில் இரண்டு கீட்டோன். இளம் இலையில் அது குறைவு, அங்கே 28 கார்பன் ஆல்கஹால் ராஜ்ஜியம். கோதுமைத் தவிட்டுக்குப் போனால் ஆல்கைல்ரிசார்சினால் என்று பீனால் தலையும் நீள வாலும் உள்ள பொருள். முழுக்கோதுமை சாப்பிட்டவரின் ரத்தத்தில் இதை அளந்து கண்டுபிடிக்கலாம். அரிசியில் அந்த அடையாளம் கிடையாது. மக்காச்சோளத்தின் இளம் இலையில் 32 கார்பன் ஆல்டிஹைடும் ஆல்கஹாலும், முதிர்ந்த இலையில் எஸ்டர். ஒரே செடி, வயசுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது.

பாக்ரி பிரியன்:

எல்லாமே 28, 30, 32 என்று இரட்டைப்படை. கோதுமைக்கு மட்டும் 31 எப்படி?

மாட்டுங்கா லேப் கோட்:

செடி இந்தச் சங்கிலியை இரண்டு இரண்டு கார்பனாகத்தான் நீட்டும். 16, 18இல் தொடங்கி 20, 22, 24 என்று போகும். அதனால் அமிலம், அதைக் குறைத்து வரும் ஆல்டிஹைடு, ஆல்கஹால் எல்லாம் இரட்டை. ஹைட்ரோகார்பன் ஆகும்போது கடைசியில் ஒரு கார்பன் கழன்றுவிடும், 30 போய் 29 ஆகும். கேண்டலில்லாவில் அதிகமுள்ள 31 கார்பன் ஹைட்ரோகார்பனும் அப்படி வந்ததுதான். கோதுமையின் டைகீட்டோனுக்குத் தனி நொதி வரிசையே இருக்கிறது, ஆனால் அங்கேயும் முடிவில் ஒரு கார்பன் குறைகிறது. ஒரு மெழுகில் ஒற்றைப்படை ஹைட்ரோகார்பன் மட்டும் தூக்கலாக இருந்தால் செடியிலிருந்து வந்தது. ஒற்றையும் இரட்டையும் சரிசமமாக வரிசை கட்டினால் பெட்ரோலியப் பாரஃபின். கலவையைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் பார்த்தால் சட்டென்று தெரியும்.

ஃபில்டர் பிரஸ்:

சோள மெழுகை ஏன் யாரும் எடுப்பதில்லை என்று கேட்டாரே, அதற்குக் கணக்குப் போடுகிறேன்.

சோள மணியின் எடையில் மெழுகு சுமார் 0.2 முதல் 0.3 சதவீதம். கிலோவுக்கு 2, 3 கிராம். இப்போது அரிசி. 13 டன் நெல்லில் சுமார் 1 டன் தவிடு. அதில் 170 கிலோ எண்ணெய் என்று வையுங்கள். மெழுகு 3 சதவீதம் என்றால் 5 கிலோ. அதே 13 டன் சோளத்தில் 26 முதல் 39 கிலோ மெழுகு இருக்கும்! ஐந்து மடங்குக்கு மேல். ஆனாலும் சந்தையில் கிடைப்பது அரிசி மெழுகு. ஏனென்றால் அதை யாரும் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. எண்ணெயைத் தெளிய வைக்க எடுத்தே ஆக வேண்டியிருக்கிறது, எடுத்ததை விற்கிறார்கள். சோளத்தில் எண்ணெய் எடுக்கிற தொழில் இல்லை. மெழுகுக்காக மட்டும் 13 டன் சோளத்தை ஹெக்ஸேனில் நனைத்துவிட்டு அப்புறம் யாருக்கு ரொட்டி சுடுவது?

அமெரிக்காவில் கான்சாஸ் பக்கம் சோளத்தில் எத்தனால் எடுக்கிறார்கள். ஸ்டார்ச் போனபின் மிஞ்சுகிற சக்கையில் மெழுகு செறிவாகிவிடும். அங்கே அதை எடுக்கலாம் என்று ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம் ஊரில் சோளம் தட்டுக்குப் போகிறது.

தஞ்சாவூர் பம்பாய்வாசி:

நடுவில் ஒரு சந்தேகம். ஊரில் வயலுக்கு டிரையகான்டனால் தெளிக்கிறோம். 30 கார்பன் ஆல்கஹால் என்று தம்பி சொன்னது அதுதானே? அப்படியானால் தவிட்டை வயலில் கொட்டினால் போதுமா?

மாட்டுங்கா லேப் கோட்:

அதேதான் சார். 1977இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ரீஸ் குழுவினர் குதிரைமசாலை வயலில் போட்டு விளைச்சல் கூடியதைப் பார்த்து, காரணம் இந்த ஆல்கஹால் என்று கண்டுபிடித்தார்கள். வேலை செய்கிற அளவு மிக மிகச் சின்னது, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. ஆனால் தவிட்டு மெழுகில் அது அமிலத்தோடு பிணைந்து எஸ்டராக இருக்கிறது. காரம் (ஆல்கலி) போட்டுக் காய்ச்சிப் பிரித்தால்தான் வெளியே வரும். தவிட்டை மாட்டுக்கே போடுங்கள்.

தஞ்சாவூர் பம்பாய்வாசி:

மாடு பிழைத்தது. இன்னொன்று, இந்த ஆல்கஹால்களைக் கேப்சூலாகக் கொலஸ்டிராலுக்கு விற்கிறார்களே? மைத்துனர் மாதாமாதம் வாங்குகிறார்.

மாட்டுங்கா லேப் கோட்:

பாலிகோசனால். 28 கார்பன் ஆக்டகோசனால் அதில் முக்கியம். முதலில் கியூபாவில் கரும்பு மெழுகிலிருந்து எடுத்தார்கள், அங்கிருந்து வந்த ஆய்வுகள் பிரமாதம் என்றன. 2006இல் ஜெர்மனியில் தனியாகச் சோதித்தபோது டம்மி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. மைத்துனர் டாக்டர் எழுதிக் கொடுத்ததை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுகிறார் என்றால் உடனே பேசுங்கள்.

செம்பூர் கைத்தொழில்:

கடைக்காரரிடம் சண்டை போட்டு இரண்டு லாட்டுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கிவிட்டேன்.

வெளிர் லாட்: உருகுநிலை 80, அமில எண் 4, சப்போனிஃபிகேஷன் எண் 76, அயோடின் எண் 5.
பழுப்பு லாட்: உருகுநிலை 77, அமில எண் 9, சப்போனிஃபிகேஷன் 89, அயோடின் 15.

இரண்டும் “உணவுத் தரம்” என்று முத்திரை. எனக்கு உருகுநிலையைத் தவிர எதுவும் புரியவில்லை.

ஃபில்டர் பிரஸ்:

பலே அம்மா, ரிப்போர்ட் வாங்கினீர்கள் பாருங்கள், பாதி வேலை முடிந்தது.

சப்போனிஃபிகேஷன் எண் என்றால் 1 கிராம் பொருளைச் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பது. மூலக்கூறு பெரிசாக ஆக எண் சிறிசாகும். 24 கார்பன் அமிலமும் 30 கார்பன் ஆல்கஹாலும் சேர்ந்த எஸ்டரின் மூலக்கூறு எடை 789. 56,100ஐ 789ஆல் வகுத்தால் 71. சுத்தமான மெழுகு அந்தப் பக்கம் நிற்கும். தவிட்டு எண்ணெய்க்கு இந்த எண் 185 சுமார். உங்கள் பழுப்பு லாட் 89. 71க்கு மேல் 18 ஏறியிருக்கிறது. முழுக்க எண்ணெயாக இருந்தால் 114 ஏறியிருக்கும். 18ஐ 114ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16 சதவீதம். அவ்வளவு எண்ணெய்.

வெளிர் லாட்டுக்கு அதே கணக்கில் 4, 5 சதவீதம்.

மாட்டுங்கா லேப் கோட்:

சார், ஒரு ஆட்சேபம். 71 என்பது ஒரே ஒரு எஸ்டருக்கு. நிஜத்தில் 44 முதல் 64 கார்பன் வரை பரவியிருக்கிறது. 46 கார்பன் எஸ்டருக்கு 83 வரும், 60க்கு 64 வரும். சராசரி 50 கார்பன் என்று எடுத்தால் சுத்தமான மெழுகே 76 காட்டும். அப்படியானால் வெளிர் லாட்டில் எண்ணெயே இல்லை என்றுகூடச் சொல்லலாம். இந்த எண்ணை மட்டும் வைத்து 4 சதவீதம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, இந்தச் சோதனையே மெழுகுக்குத் தகராறு பிடித்தது. ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மெழுகு சரியாகக் கரையாது, மேலே ஒரு படலமாக மிதக்கும். எண்ணெய்க்குச் செய்கிற மாதிரி அரைமணி ரிஃப்ளக்ஸ் செய்து, அதாவது ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவிட்டு, இறக்கிவிட்டால் பாதி எஸ்டர் அப்படியே இருக்கும், எண் குறைத்துக் காட்டும். டொலுயீன் அல்லது சைலீன் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்க விட வேண்டும். எத்தனை லேபில் அந்தப் பொறுமை இருக்கிறது?

ஃபில்டர் பிரஸ்:

சபாஷ், இதைத்தான் எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் அயோடின் எண் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்று அளப்பது. மெழுகு எஸ்டரில் இரட்டைப் பிணைப்பு இல்லை, அயோடின் ஏறக்குறைய பூஜ்யம். தவிட்டு எண்ணெய்க்கு 100 சுமார். பழுப்பு 15 காட்டுகிறது என்றால் 15 சதவீதம் எண்ணெய், கணக்கு நேரடி. சங்கிலி நீளம் எதுவானாலும் இதைப் பாதிக்காது. வெளிர் லாட் 5 என்றால் 5 சதவீதம். இரண்டு வழியிலும் பக்கத்துப் பக்கத்து விடை வருகிறது, போதாதா?

அமில எண் 9 என்பது எண்ணெயோடு வந்த சேராத அமிலம். தவிட்டில் லைபேஸ் நொதி இருக்கிறது. தீட்டிய சில மணி நேரத்திலேயே எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும். தவிடு மில்லில் கிடந்து பழசானால் அமிலம் ஏறிய எண்ணெய்தான் வரும், அது கேக்கிலும் தங்கும்.

மஸ்ஜித் மொத்தம்:

நானும் இதே வியாபாரத்தில்தான் இருக்கிறேன், இந்த அம்மா வாங்கிய கடை நான் இல்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 15 சதவீத எண்ணெய் என்றால் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் விதியில் தவிட்டு மெழுகுக்கு உருகுநிலை 75 முதல் 80, சேராத கொழுப்பு அமிலம் 10 சதவீதத்துக்குள், அயோடின் 20க்குள், சப்போனிஃபிகேஷன் 75 முதல் 120. மிட்டாய், பழம் மேல் பூசவும் சூயிங்கத்திலும் அனுமதி. இரண்டு லாட்டும் அதற்குள் அடக்கம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

மாட்டுங்கா லேப் கோட்:

விதிக்குள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சப்போனிஃபிகேஷன் 120 வரை போகலாம் என்றால் வரம்பு எவ்வளவு தாராளம் என்று பாருங்கள். உண்மையில் பிடித்து நிறுத்துவது அயோடின் 20 மட்டும்தான். மிட்டாய் மேல் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு, பூசுகிறவருக்கு 15 சதவீத எண்ணெய் பெரிய விஷயமில்லை. பாமில் பத்தில் ஒரு பங்கு போடுகிறவருக்குப் பெரிய விஷயம். உணவுத் தரம் என்ற முத்திரை அழகுசாதனம் செய்கிறவரின் கேள்விக்குப் பதில் சொல்லாது.

மஸ்ஜித் மொத்தம்:

அது நியாயம். நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எண்ணெயைவிட எங்களுக்குப் பயம் பாரஃபின். அதற்குச் சப்போனிஃபிகேஷன் பூஜ்யம். எண்ணெய் ஏற்றிய எண்ணைப் பாரஃபின் இறக்கிவிடும், ரிப்போர்ட்டில் சப்போனிஃபிகேஷன் அழகாக 80 என்று வந்து நிற்கும். ஆகவே உருகுநிலையையும் சேர்த்துப் பாருங்கள். பாரஃபின் பெரும்பாலும் 50, 60களில் இளக ஆரம்பிக்கும், உருகுவது ஒரே இடத்தில் நிற்காமல் இழுத்துக்கொண்டு போகும்.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

அப்போது வாஷி மார்க்கெட் ஆப்பிளில் கத்தியால் சுரண்டினால் வருகிறதே, அது எந்த மெழுகு?

நெறியாளர்:

ஆப்பிளுக்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே கேளுங்கள். இங்கே தானியத்தோடு நிற்போம்.

செம்பூர் கைத்தொழில்:

எல்லோருக்கும் நன்றி. வெளிர் லாட்டை வைத்து, அளவைப் பாதியாகக் குறைத்து, ஃபிரிட்ஜில் ஆறவைத்துப் பார்த்தேன். நறநறப்பு இல்லை. கேண்டலில்லா இன்னும் வாங்கவில்லை. பழுப்பு லாட் கிலோக்கணக்கில் கிடக்கிறது. வீட்டிலேயே அசிட்டோன் வாங்கிக் கழுவிவிடலாமா?

ஃபில்டர் பிரஸ்:

வேண்டவே வேண்டாம்! அசிட்டோன் ஆவி தரையோடு தவழ்ந்துபோய் அடுத்த அறை அடுப்பில் பற்றும். சமையலறையில் செய்கிற வேலை இல்லை. பழுப்பை மர பாலிஷுக்கோ, ஆடம்பரமில்லாத மெழுகுவத்திக்கோ வைத்துக்கொள்ளுங்கள், உதட்டுக்கு வேண்டாம்.

செம்பூர் கைத்தொழில்:

சரி. கடைசியாக ஒன்று. கடைக்காரர் இப்போது ஜோவார் மெழுகு என்று ஒரு சாம்பிள் தந்திருக்கிறார், இறக்குமதியாம். சப்போனிஃபிகேஷன் ரொம்பக் குறைவாக எழுதியிருக்கிறது. மஸ்ஜித் சார் சொன்ன பாரஃபின்தானே?

மாட்டுங்கா லேப் கோட்:

அவசரப்படாதீர்கள் அக்கா. உண்மையான சோள மணி மெழுகாக இருந்தாலும் அந்த எண் குறைவாகத்தான் வரும். ஆல்டிஹைடும் ஆல்கஹாலும் எஸ்டர் இல்லையே, சோப்பாக என்ன இருக்கிறது? அரிசி மெழுகுக்குப் போட்ட கணக்கை இங்கே போட்டால் நல்ல சரக்கைக் கலப்படம் என்போம், இல்லை கலப்படத்தை நல்ல சரக்கு என்போம்.

இதற்குக் கலவையைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தட்டு (டிஎல்சி) போதும், பெரிய கருவி வேண்டாம். சொட்டு வைத்து ஓடவிட்டால் ஹைட்ரோகார்பன் உச்சிக்கு ஓடிவிடும், அதற்குக் கீழே மெழுகு எஸ்டர், அப்புறம் ஆல்டிஹைடு, ஆல்கஹால் அடிப்பக்கம் தங்கும். பாரஃபின் என்றால் உச்சியில் ஒரே புள்ளி. சோளம் என்றால் நடுவிலும் அடியிலும் புள்ளி. உங்கள் இரண்டு அரிசி லாட்டையும் பக்கத்திலேயே ஓடவிடலாம், எண்ணெய் எஸ்டருக்குக் கீழே தனியாக நிற்கும், பழுப்பில் எவ்வளவு தடிமன் என்று கண்ணாலேயே பார்க்கலாம். சனிக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன். மூன்றிலும் ஒரு ஸ்பூன் போதும்.

ஃபில்டர் பிரஸ்:

அம்மா, கட்டியின் மேல்பக்கத்தைச் சுரண்டிக் கொடுக்காதீர்கள். காற்றுப் பட்ட இடத்தில் ஆல்டிஹைடு அமிலமாக மாறியிருக்கும். உடைத்து நடுவிலிருந்து எடுங்கள், மூன்று பொட்டலத்திலும் பெயர் எழுதிவிடுங்கள்.